லோவ்ரேயின் படகில் ஏற மறுத்தவர்கள்

ஏன் யாரும் தன் படகில் ஏற மாட்டேன் என்கிறார்கள்? லோவ்ரேக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குளிர்காலம் முழுக்கத் தனியாளாக அந்தப் பழைய ஃபைபர் படகில் விரிசல் கண்ட இடமெல்லாம் ரெசின் பசை பூசி, பெயின்ட் அடித்து, மூர்த்தர் தீவின் படகுத்துறையில் இறக்கியிருந்தான். மீன்பிடிக்கக் கூப்பிட்டால் ஆளுக்கொரு சாக்கு. பக்கத்து வீட்டு நண்பன் தாதியா ஒருநாள் ஏறி உட்கார்ந்தவன், அடுப்பை அணைக்கவில்லை என்று இறங்கி ஓடினான். ஈஸ்டர் விருந்தில் ஏதாவது வாய்தவறிப் பேசிவிட்டோமோ என்று லோவ்ரே மண்டையைக் குடைந்துகொண்டான்.

அக்கா வின்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ஏறியதுமே கழுத்தில் சுற்றியிருந்த துணியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஏன்டா, என்னடா இது நாத்தம்? நெயில் பாலிஷ் பாட்டிலுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. உனக்குத் தெரியலையா?"

"தெரியுது... லேசா."

தெரியவில்லை. போன வருஷக் காய்ச்சலோடு அவன் மூக்கும் செத்துப்போயிருந்தது. மோப்பம் தானாகத் திரும்பிவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தான்.

சோடா உப்புப் போட்டுத் தேய்த்தான். வினிகர் விட்டுக் கழுவினான். கிண்ணம் கிண்ணமாகக் காப்பித்தூள் வைத்தான். தாதியா வந்து பார்த்து, "போயிடுச்சு" என்றான். வின்கா வந்து, "அப்படியேதான் இருக்கு, இப்ப ஊறுகாய் வாடையும் சேர்ந்துக்கிச்சு" என்றாள். யாரை நம்புவது? பலகையில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தான். வெறும் காற்று.

கடைசியில் தாதியாவிடம் உண்மையைச் சொன்னான்.

"அப்போ என் ஒயின் வாசனை பிரமாதம்னியே?"

"சும்மா சொன்னேன்."

"அடப்பாவி! அது புளிச்சுப்போன ஒயின்டா. நீ வாசனையைப் புகழ்ந்ததைக் கேட்டுட்டு ஊரெல்லாம் ஊத்திக் குடுத்தேன்!" தாதியா தலையில் அடித்துக்கொண்டான். "சரி, நகரு. நாத்தம் போயிடுச்சுன்னு நானும் பொய்தானே சொன்னேன், அதுக்கு நானே மோந்து பாக்குறேன்."

குனிந்து தவழ்ந்து போனவன், முன்பக்கப் பெட்டிக்கு அருகே அப்படியே நின்றுவிட்டான். "இங்கதான். கண்ணு எரியுது."

லோவ்ரே பெட்டிக்கு அடியில் கையை விட்டான். விரல் ஒட்டியது. ஜனவரிக் குளிரில் பூசிய ரெசின் இறுகாமல் பாகு மாதிரியே கிடந்தது. அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் குறைவாகக் கலந்துவிட்டோமா, குளிரா, இரண்டுமா? நினைவில்லை. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, படகுப் பெட்டிகளின் மூடிகளைத் திறந்து வெயிலில் காயவிட்டான். பிறகு சூடான ஒரு நாளாகப் பார்த்து, அளந்து கலந்து புதிதாகப் பூசினான். அது கல்லாக இறுகும்வரை தினமும் தட்டிப் பார்த்தான்.

வின்கா மோந்து பார்த்தாள். "நாத்தம் இப்ப சுத்தமா இல்லடா."

"லேசா இருக்கு" என்றான் தாதியா.

"உனக்கு மூக்கா அது?"

"உங்களுக்குக் காலையிலேர்ந்து சளி, அக்கா."

லோவ்ரே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இனி யாரிடம் கேட்க? கயிற்றை அவிழ்த்தான்.

"ஏறுறவங்க ஏறுங்க. நான் கிளம்புறேன்."

சண்டையை விடாமலே இருவரும் ஏறினார்கள்.