மூன்றாம் வளைவில் நின்றவர்

சிவகரன் றோல்ஸ் தட்டைத் தூக்கிச் சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, மேசையில் கிடந்த தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசையில் நிறுத்தினான். கார் ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் ஏழு கார்கள் ஓடின. கோப்பைகள் நாலுதான். மிச்சத்துக்குக் கரண்டிகளை வைத்தான். சீனிப் போத்தல் முன்னால் ஓடிய யூலியாவின் கார். வினோஜா இன்னும் வாய் வைக்காத கோப்பை வினோஜாவின் கார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, தக்காளி சோஸ் போத்தலை எடுத்து மேசையின் தூர மூலையில் தனியாக வைத்தான்.

"இது நீங்கள், ரத்தினண்ணை. மூண்டாம் வளைவு. கொடிக்காரனுக்குப் பக்கத்திலை."

"நான் அவ்வளவு சிவப்போ?" என்றார் இரத்தினவேல்.

அருட்பிரகாசம் சிரித்தார். சிவகரனின் மகள் தக்சிலாவும் சிரித்தாள். இரத்தினவேலின் மகள் வினோஜா மட்டும் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கிழமைகளுக்குப் பிறகு அவளுடைய கழுத்துப் பட்டியை இரண்டு நாளைக்கு முன்தான் கழற்றியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

ஹவுகன்ஸ்டுவாவில் இரத்தினவேலின் ஏழாம் மாடி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் வருவது புதிதல்ல. மூன்று வருடங்களுக்கு முன் வினோஜா பழைய வொல்வோ ஒன்றை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, இரும்புக் குழாயால் கூடு போட்டு, மண் பாதையில் ஓட்டப் போகிறேன் என்றபோது சிரிக்காதவர்கள் இவர்கள்தான். அவள் பஸ் திருத்தும் பட்டறையில் வேலை செய்பவள். இயந்திரம் என்றால் அவளுக்குப் பயமில்லை. சிவகரன் பஸ் ஓட்டுபவன். கிழமையில் ஐந்து நாளும் சட்டப்படி ஓட்டுபவனுக்கு ஆறாம் நாள் யாராவது சட்டமில்லாமல் ஓட்டுவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி. அருட்பிரகாசம் முன்பு வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் இரத்தினவேலோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர். மூன்று முறை பரீட்சை எழுதியும் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்காதவர். ஆனால் எந்த வளைவில் எந்தக் கியர் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

அன்றைக்கு வினோஜாதான் அவர்களை அழைத்திருந்தாள். அம்மா யோகராணிக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை. றோல்ஸ் பொரித்து, தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"எனக்குக் கடைசி ரெண்டு சுற்றும் ஞாபகத்திலை இல்லை மாமா," என்று வினோஜா சொல்லியிருந்தாள். "தலை அடிபட்டதிலை அழிஞ்சிட்டுது. இனி வராதெண்டு டொக்டர் சொல்லிட்டார். நீங்கள் பாத்தனீங்கள். முழுக்கச் சொல்லுங்கோ."

சிவகரன் சொன்னான். அவன் சொன்னால் கேட்கலாம். காலையில் வினோஜாவின் கார்ச் சில்லு கிழிந்ததும், யூலியா ஒரு பேச்சும் பேசாமல் தன்னுடைய மாற்றுச் சில்லை உருட்டிக்கொண்டு வந்து, "எனக்கு எதிரா ஓட ஆள் வேணும்" என்று கொடுத்துவிட்டுப் போனதும். இறுதிப் போட்டியில் வினோஜா கடைசி வரிசையில் நின்றதும். தொடங்கியவுடன் இரண்டு கார்கள் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு புல்லுக்குள் போனதும். அவன் விரல் கோப்பையைத் தள்ளத் தள்ள, கரண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"நாலாம் சுற்றிலை ஒரு முந்தல் முந்தினாய் பிள்ளை. பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரக் கிழவன் தன்ர கோப்பியை என்ர சப்பாத்துக்கை ஊத்திப்போட்டான். நான் அவனைக் கட்டிப் பிடிச்சிட்டன்."

"கட்டிப் பிடிச்சதில்லை, அப்பா. முத்தம் குடுத்தனீங்கள்," என்றாள் தக்சிலா.

"அது கன்னத்திலை."

"ரெண்டாம் கியரிலை வந்திருக்கவேணும்," என்றார் அருட்பிரகாசம், "மூண்டிலை வந்தவள். அதுதான் விஷயம்."

கடைசிச் சுற்று வந்தது. சீனிப் போத்தல் முன்னால். அரை நேர்ப்பாதைத் தூரம் பின்னால் கோப்பை. மூன்றாம் வளைவுக்கு முன் ஒரு மண்மேடு. சிவகரன் அதற்கு ஒரு றோல்ஸை எடுத்து வைத்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் சீனிப் போத்தல் வழுக்கி, சுழன்று, பாதைக்குக் குறுக்கே நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அது தெரியாது. தெரியச் செய்வதற்கென்றுதான் மேட்டுக்கு முன்னால் மஞ்சள் கொடியோடு ஒருவர் நிற்பார்.

கோப்பையைத் தள்ளிக்கொண்டு வந்த சிவகரனின் விரல் றோல்ஸுக்கு முன் நின்றுவிட்டது.

"பிறகு உனக்குத் தெரியும்தானே," என்றான்.

யூலியாவின் இடுப்பெலும்பும் முதுகெலும்பில் இரண்டு கணுக்களும் உடைந்திருந்தன. அவள் இப்போது இரண்டு தாதியர் பிடிக்க எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். 'உன் பிழை இல்லை' என்று செய்தி அனுப்பியிருந்தாள். போட்டியை நடத்திய கழகமும் விசாரித்து, யாருடைய பிழையும் இல்லை என்று எழுதிவிட்டது. கொடிக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தொண்டர். உயர்த்தினது நிச்சயம், இடிக்க முன்னமா பின்னமா என்று மட்டும் சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லி அழுதாராம்.

"வீடியோ?" என்றாள் வினோஜா.

தக்சிலா தலையை ஆட்டினாள். "அப்பா துள்ளி என்ர கையைத் தட்டிவிட்டவர். வானமும் அவற்ற தொப்பியும்தான் இருக்கு."

"கொடி எப்ப ஏறினது?"

"பிந்தித்தான் பிள்ளை," என்றார் அருட்பிரகாசம் உடனே. "இடிச்சாப் பிறகுதான் ஏறினது."

"ஓம், ஓம். பிறகுதான். நானும் பாத்தனான்," என்றான் சிவகரன்.

"ரெண்டு பேரும் கொடியைப் பாக்கவேயில்லை," என்றாள் தக்சிலா. "காருக்குள்ளை வரேக்கை கதைச்சு வைச்சனீங்கள். நான் பின்னாலைதானே இருந்தனான்."

சிவகரன் மகளை முறைத்தான். அருட்பிரகாசம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேர்ட்டின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர்களைக் கோபிக்க யாராலும் முடியாது. அன்பு இருந்தது, கையில் வேறொன்றும் இருக்கவில்லை. இருந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"பரவாயில்லை மாமா," என்றாள் வினோஜா. அவள் குரல் மென்மையாக இருந்தது. "யூலியாவும் அப்பிடித்தான் எழுதினவள். அவள் நல்லவள், அதாலை எழுதினவள். ஆனா நான் கொடியைக் கண்டுகொண்டு போனனானோ, காணாமல் போனனானோ எண்டு தெரியாமல் அவளின்ர கட்டிலுக்குப் பக்கத்திலை என்னெண்டு போய் நிக்கிறது? மன்னிச்சுக்கொள் எண்டு கேக்கிறதோ, சுகமோ எண்டு கேக்கிறதோ?"

பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கழகத்துக்கு என்ன சொன்னனீங்கள்?"

"தூசி எண்டு சொன்னனான், அம்மா. தூசியிலை ஒண்டும் தெரியேல்லை எண்டு."

"முதல் நாள் முழுக்க மழை. மண் ஈரம். நான் ஈரத்துக்கெண்டு சில்லுக்குக் காத்தைக் குறைச்சுத்தான் ஓடினனான். அது ஞாபகம் இருக்கு." அவள் குற்றம் சாட்டுகிறவள் போலப் பேசவில்லை. ஓர் இயந்திரத்தில் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று தேடுகிறவள் போலப் பேசினாள். "தூசி இருக்கேல்லை, அப்பா."

இரத்தினவேல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ரயில் ஒன்று நிலையத்தில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடி அசைந்தது.

எல்லாப் போட்டிகளிலும் அவர் மற்றவர்களை விட்டுத் தூரமாக, மூன்றாம் வளைவு வேலியோரம் போய் நிற்பார். நெருக்கத்தில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வினோஜாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒருமுறை பட்டறையில் யாரிடமோ, "மற்றவை சத்தம் போடுவினம், என்ர அப்பாதான் பாப்பார்" என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டார். அந்தப் பெருமையை அவளிடமிருந்து பறிக்க மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தப் பெருமை அவருக்கும் வேண்டியிருந்தது.

"நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்," என்றார்.

அவர் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"கடைசி ரெண்டு மூண்டு சுற்று எனக்குப் பாக்கேலாது. கண்ணை மூடிக்கொண்டு நமசிவாய சொல்லுவன். சத்தமெல்லாம் அடங்கினாப் பிறகுதான் திறப்பன்."

"எத்தினை ஓட்டத்திலை?"

"எல்லாத்திலையும், அம்மா. நீ முடிக்கிறதை நான் ஒருக்காலும் காணேல்லை."

வெல்லும்போதெல்லாம் ஓடிப்போய், 'வடிவா முடிச்சாய்' என்று அவள் தலைக்கவசத்தில் தட்டிய கையை அவர் மடியில் வைத்துப் பார்த்தார். அவள் எழுந்து போய்விடுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தார். கத்தினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவள் கதிரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"கண்ணை மூடினால் காது கேக்கும்தானே. என்ன கேட்டது?"

இந்தக் கேள்வியை ஐந்து கிழமையாக அவர் தன்னிடமே கேட்காமல் தள்ளிவைத்திருந்தார். கோயிலில் நிற்கும்போது வரும். பல் தீட்டும்போது வரும். வந்ததும் வேறு எதையாவது நினைப்பார். இப்போது அது மகளின் வாயால் வந்துவிட்டது.

"துணி அடிச்ச சத்தம் கேட்டது," என்றார். "என்ர காதுக்குப் பக்கத்திலை. படபடவெண்டு."

"இடிச்ச சத்தத்துக்கு முன்னமோ, பின்னமோ?"

"முன்னம்."

சிவகரன் மெல்ல, "அண்ணை, காத்துக்கும் அடிக்கும்," என்றான். இரத்தினவேல் இல்லையென்று தலையசைத்தார். கை பிடித்து வீசுகிற துணிக்கு வேறு சத்தம்.

"எவ்வளவு முன்னம்?"

அவர் வலது கையை விரித்தார். பெருவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்தார். விரல் கணுக்களில் எண்ணித்தான் அவர் எப்போதும் நமசிவாய சொல்வது.

"துணி அடிக்கேக்கை விரல் இதிலை நிண்டது. இடிச்ச சத்தம் கேட்டுக் கண்ணைத் திறக்கேக்கை நுனியிலை நிண்டது. மூண்டுதரம் சொல்லியிருக்கிறன்."

வினோஜா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் கணக்குப் போடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கொடிக்கும் மேட்டுக்கும் இடையில் எத்தனை மீற்றர், மேட்டுக்கும் யூலியாவின் காருக்கும் எத்தனை, ஈரமண்ணில் மூன்றாம் கியரில் என்ன வேகம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது அந்த நேரம் ஒன்றுதான்.

"சொல்லிக் காட்டுங்கோ, அப்பா. அண்டைக்குச் சொன்ன மாதிரியே."

"பயத்திலை கெதியாத்தான் சொல்லியிருப்பியள், ரத்தினண்ணை," என்றான் சிவகரன். அவன் கண்கள் அவரைக் கெஞ்சின. "ஆரும் அந்த நேரம் கெதியாத்தான் சொல்லுவினம்."

கெதியாகச் சொன்னால் ஒரு மூச்சுக்குள் மூன்றும் முடிந்துவிடும். கொடி ஏறிய கணத்தில் அவள் அதைத் தாண்டியிருப்பாள். எந்தக் காலாலும் அந்தக் காரை நிறுத்தியிருக்க முடியாது. அவள் நித்திரை கொள்ளலாம். யூலியாவைப் போய்ப் பார்க்கலாம். மறுபடி ஓட்டலாம். ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் இருந்தது, ஒருவருக்கும் தெரியவும் வராது. ஆனால் அதைக் கொடுப்பதற்கு அவர் கையில் இருந்தது அந்த ஐந்து எழுத்து மட்டும்தான். மீன் தொழிற்சாலையில் விரல்கள் விறைத்து உணர்விழந்த நாட்களிலும், வினோஜா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பதினெட்டு நாளும் அவர் சொன்னது அதைத்தான். பயம் கூடக் கூட அவர் அதை ஆறுதலாக, மெதுவாகத்தான் சொல்வார். விடுகிற மூச்சு முழுவதும் அதில் போய் முடிந்த பிறகுதான் அடுத்த கணு. அப்படிச் சொல்லித்தான் அந்த நாட்களைக் கடந்தார்.

அவர் கண்ணை மூடினார்.

"நமசிவாய," என்றார். பெருவிரல் அடிக்கணுவில் இருந்தது. மூச்சு போய் முடிந்தது. நடுக்கணுவுக்கு ஏறியது. "நமசிவாய."

யாரோ அழுகையை விழுங்கும் சத்தம் கேட்டது. அது சிவகரன்.

"நமசிவாய."

கண்ணைத் திறந்தபோது வினோஜா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொருக்கா," என்றாள்.

அவர் மறுபடி சொன்னார். அருட்பிரகாசம் எழுந்து போய், குளிருமென்று நினைத்தோ என்னவோ, சோபாவில் கிடந்த போர்வையை எடுத்துவந்து அவள் தோளில் போட்டார். போட்ட கையை எடுக்கத் தெரியாமல் அங்கேயே நின்றார். தக்சிலா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று இரத்தினவேலும் பார்த்தார்.

மேசைக்குக் கீழே வினோஜாவின் வலது கால் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. குதி உயர்ந்து, விரல்கள் வெளுத்து, முழங்கால்வரை நரம்பு இறுகி, இல்லாத ஒரு பிறேக் கட்டையை அது மிதித்துக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கா அப்பா."

அவர் சொல்லவில்லை. கதிரையை விட்டு இறங்கி, மேசைக்குக் கீழே முழங்காலூன்றி, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கப் பார்த்தார். அது எழும்பவில்லை.