இருபத்தைந்தாவது ஆட்டம்

பதினைந்தாம் எண் கால்பந்து ஆட்டக்காரனுக்கு வயது முப்பத்தொன்று. சொந்த ஊரிலிருந்து இரண்டு விமானம் மாறி வரவேண்டிய ஒரு நகரத்தில், மைதானத்தின் படிக்கட்டுகளுக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து வலது கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்று சுற்று போதும். அவன் ஆறாவது சுற்றில் இருந்தான்.

"காலுக்குக் கட்டுறியா, பார்சல் கட்டுறியா?" என்றார் துணி அண்ணன். அந்தக் கிளப்பில் ஜெர்சிகளைத் துவைத்து மடித்து, பூட்ஸ் துடைத்து வைப்பவர். அங்கே அவனோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான் உண்டு.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே. பெஞ்சுல டிஃபன்ஸுக்கு வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஒருத்தனுக்குத் தடை, இன்னொருத்தனுக்குக் காய்ச்சல். வேற வழியில்லாமதான் உன் பேரப் போட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு இருபத்தி நாலு ஆச்சுல்ல?"

"இருபத்தி நாலு."

"ஒண்ணே ஒண்ணுடா. ஒரு நிமிஷம் விட்டாங்கன்னா கூடப் போதும்."

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சீசனில் இருபத்தைந்து ஆட்டங்களில் களமிறங்கினால், அது ஒரு நிமிடமே ஆனாலும், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு சரி. அவனுடைய தங்கும் அனுமதியும் அதோடு போகும். அவனுடைய இருபத்து நாலாவது ஆட்டம் முடிந்தபோது இன்னும் ஆறு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. அதில் ஐந்து அவன் பெஞ்சைவிட்டு எழாமலே முடிந்துவிட்டன. முதல் இரண்டுக்குத் தன் ஆட்டத்தில்தான் குறை என்று நினைத்து, பயிற்சி முடிந்த பிறகும் தனியாக ஓடினான். அந்த ஒரு வரிக்காகத்தான் கிளப் தன்னை உட்கார வைக்கிறது என்று மூன்றாவதில்தான் உறைத்தது. இன்று ஆறாவது.

போன்களை வாங்கி வைக்கும் பெட்டி வருவதற்குள் மனைவி அனுப்பியிருந்த குரல் பதிவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டான்.

"என்னங்க, விசா ஆபீஸ்ல இன்னிக்கும் அதேதான் சொன்னாங்க. ஒரு வருஷமாவது பாக்கி இருக்கற கான்ட்ராக்ட் காட்டணுமாம், எனக்கும் பாப்பாவுக்கும். திங்கக்கிழமை கடைசி. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அன்னிக்குத் தொடை பிடிச்சிருக்குன்னு நீங்களாவே போய்ச் சொன்னீங்களே, யாராவது கேட்டாங்களா? அந்த ஒரு மேட்ச்ச வாயத் தொறக்காம ஆடியிருந்தா இப்ப இந்தத் தவிப்பே இல்லல்ல. சரி விடுங்க. நல்லா ஆடுங்க. அவ ஏதோ சொல்லணுமாம். சொல்லுடி. இப்ப வெக்கப்படுறா."

அன்றைக்குக் கோச் எல்லோர் முன்னாலும் அவன் தோளில் தட்டி, இப்படி உண்மை பேசுகிறவன்தான் அணிக்கு வேண்டும் என்று சொன்னார். அவனும் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

"ஆடிட்டுக் கூப்பிடுறேன்," என்று மட்டும் பேசி அனுப்பிவிட்டு போனைப் பெட்டியில் போட்டான்.

ஜெயித்தாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் இடம் மாறாத ஆட்டம் அது. இருபதாவது நிமிடத்தில் அவன் அணி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு கோச் முன்கள ஆட்கள் இரண்டு பேரை மாற்றினார். இன்னும் மூன்று பேரை மாற்றலாம். பதினைந்தாம் எண்காரன் கோட்டோரமாக ஓடினான், குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி ஓடினான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கோச்சின் முதுகையே பார்த்தான். முதுகு திரும்பவில்லை.

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் அணியின் கேப்டன், நடுத் தடுப்பில் ஆடுகிறவர், பந்தை விரட்டிக்கொண்டு ஓடியவர் பாதியில் நின்றார். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். கையை உயர்த்திச் சுழற்றினார். மாற்று ஆளைக் கேட்கும் கை.

கோச் திரும்பினார். அந்த மொழி அவனுக்குப் பாதிதான் புரியும், மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இப்போது முகம் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"பதினஞ்சு. சீக்கிரம் வா."

மேல்கோட்டை அவன் எங்கே எறிந்தான் என்று அவனுக்கே தெரியாது. நீளக் காலுறைக்குள் தடுப்பட்டையைச் செருகினான். துணி அண்ணன் குனிந்து அவன் பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"போ. போய் நில்லு. வேற ஒண்ணும் யோசிக்காத."

கோட்டோரத்தில் நின்ற நடுவர் அவனுடைய பூட்ஸ் அடியைத் தடவிப் பார்த்தார். விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்தார். கையிலிருந்த பலகையில் எண்களை அழுத்தினார். சிவப்பில் ஐந்து, பச்சையில் பதினைந்து. ஸ்ட்ரெச்சர் கேப்டனைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கமாகவே வந்தது. வெள்ளைக் கோடு அவனுடைய பூட்ஸ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

அப்போது உதவிக் கோச்சின் போன் அடித்தது.

அவர் கேட்டார். "சரி சார்," என்றார். இன்னொரு முறை "சரி சார்" என்றார். போனைக் கோச்சிடம் நீட்டினார். கோச் அதை வாங்கவில்லை. அண்ணாந்து, கிளப் முதலாளி உட்காரும், கண்ணாடி போட்ட மேல்மாடியைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து நடுவரின் பலகைமேல் கையை வைத்துக் கீழே அழுத்தினார்.

"மாத்தல."

"உங்க ஆள் வெளியே போயிட்டார்," என்றார் நடுவர்.

"தெரியும். பத்துப் பேரோட ஆடுறோம்."

அவன் நகரவில்லை. "கோச், நான் ரெடி."

"உட்காரு."

"எனக்குக் காயம் ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம் விடுங்க. ஒரு நிமிஷம்."

"நீ நல்லா ஆடுவ. அது எனக்குத் தெரியாதா?" கோச் அவன் கண்ணைப் பார்க்காமல் ஜெர்சியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கும் அடுத்த வருஷம் வேலை வேணும்ப்பா. உட்காரு."

நடுவர் பொத்தானை அழுத்தினார். பச்சை எண் அணைந்தது.

ஒரு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். போனால் மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்புவார்கள். அது கணக்கில் சேராது. இதையும் யோசித்துவிட்டுத்தான் அவன் நின்றான்.

கேப்டனின் இடத்துக்கு நடுக்களத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரன், தலையால் முட்டத் தெரியாதவன். எங்கே நிற்பது என்று தெரியாமல் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இவன் உட்காரவே இல்லை, கோட்டோரமாகவே நின்று கத்தினான். "இடது பக்கம் வா. ஆள விடாத. பந்தப் பார்க்காத, ஆளப் பாரு." அவனும் சொன்னபடி செய்தான். பத்து நிமிடம் சமாளித்தார்கள். கேலரியிலிருந்து யாரோ ஆட்களை எண்ணி, பதினொன்றாவது ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறானா என்று கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

எண்பத்தாறில் வலது ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. அது விழப்போகும் இடம் பந்து கிளம்பும்போதே அவனுக்குத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே நின்றபடி அவன் முழங்கால் மடங்கியது, கழுத்து முன்னால் வெட்டியது. நெற்றி காற்றை முட்டியது. அங்கே உள்ளே பந்து, எழும்பத் தெரியாமல் நின்ற அந்த நடுக்களக்காரனின் தலைக்கு மேலாகப் போய் எதிரணிக்காரனின் நெற்றியில் பட்டு வலைக்குள் இறங்கியது.

ஆட்டம் சமனில் முடிந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை.

உடை மாற்றும் அறையில் கேப்டன் தொடையில் பனிக்கட்டிப் பையோடு படுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கிளப் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து, கார் சாவியையும் அறைச் சாவியையும் எப்போது ஒப்படைக்க வசதிப்படும் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

போனை எடுத்தபோது மனைவியிடமிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. ஏஜென்டிடமிருந்து ஒரு குரல் பதிவு.

"தலைவா, விஷயம் கேள்விப்பட்டேன். கேஸ் போட்டா ரெண்டு வருஷம் இழுக்கும், அதுக்குள்ள உன் முட்டி தேஞ்சிடும். உன்னப் பத்தி நீயே பேசி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. தெரிஞ்ச நாலு கிளப்புக்குப் போட்டு வைக்கிறேன். கடைசி ஆறு மேட்ச் ஏன் ஆடலன்னுதான் முதல்ல கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லிடு."

துணி அண்ணன் அழுக்கு ஜெர்சிக் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார்.

"முகத்தத் துடைச்சுக்கோ."

"வியர்வை இல்லண்ணே. நான் ஆடவே இல்லயே."

"அதுக்குச் சொல்லல. துடைச்சுக்கோ."

அவன் துடைத்துக்கொண்டு சுவரோடு நிமிர்ந்து நின்றான். துணி அண்ணன் தலையசைத்தார்.

"வணக்கம். நான் நடுத் தடுப்பு ஆடுறவன். உயரம் ஆறடி ஒண்ணு. வலது கால், தேவைப்பட்டா இடதும் வரும். இந்த சீசன்ல இருபத்தி நாலு மேட்ச் ஆடியிருக்கேன். கடைசி ஆறுல ஆடல. காயம் எதுவும் இல்ல. நீங்க எந்த டாக்டர விட்டு வேணும்னாலும் பார்த்துக்கலாம். எதுத்துப் பேசியும் தண்டனை வாங்கல, கோச்சக் கேட்டுக்கலாம்." நிறுத்தினான். துணி அண்ணன் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும். எங்கயாவது ஒரு டிஃபெண்டர் தேவைப்பட்டா, தயவுசெஞ்சு என்னைக் கூப்பிடுங்க."