பொதுச் சுருக்கம்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் பச்சை எழுத்தில் வந்தபோது மணி மூன்றே முக்கால். கெடு ஐந்து மணி வரை. ஒன்றேகால் மணி நேரம் மிச்சம் வைத்து ஒரு காரியத்தை முடித்தது அந்த ஆய்வுக்கூடத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை. ஆய்வுக்கூடம் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, நான்கு கணினி, அவள், அவளோடு வேலை பார்க்கும் கோந்து. உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்று கல்லூரியில் வைத்த பெயர் அது. முப்பது வயதாகியும் அவனை விடவில்லை.

இணையப் பாதுகாப்பு ஆய்வுக்கு அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை தரும் நிதிக்காக, ஆறு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதிய விண்ணப்பம். நோயாளியின் நரம்புக்குள் மணிக்கு இவ்வளவு என்று அளந்து மருந்து செலுத்தும் பம்புகளை, ஆஸ்பத்திரிகளில் இப்போது நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். தயாரித்த கம்பெனி தன் இடத்தில் உட்கார்ந்தபடியே பழுது பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லாப் பம்புக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதை மாற்றவும் முடியாது. தெரிந்தவன் எவனும் உள்ளே நுழைந்து மருந்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியின் பராமரிப்பு இன்ஜினியர் அனுமதி கொடுத்து, அங்கேதான் எட்டு மாதம் முன்பு இதைக் கண்டுபிடித்தாள். கம்பெனிக்கு எழுதினாள். பரிசீலிப்பதாகப் பதில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். பம்புக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் காவலுக்கு வைக்க ஒரு சின்னப் பெட்டி செய்யத்தான் இந்த நிதி. கிடைக்காவிட்டால் இரண்டு அறையையும் காலி செய்ய வேண்டியதுதான்.

மக்கள் பணம் என்பதால் விண்ணப்பித்த உடனே ஒரு பக்கப் பொதுச் சுருக்கம் மட்டும் எல்லோரும் பார்க்கும்படி தளத்தில் வந்துவிடும். பெருமை பிடிபடாமல் அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கணவருக்கு அனுப்பினாள். அவர் வரலாற்று வாத்தியார். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. பூரா நம்பராவே இருக்கு."

"நம்பரா? சுருக்கத்துல நம்பரே கிடையாதே."

"கட்டில் வாரியா பட்டியல் போட்டிருக்கு. மேல பாஸ்வேர்டுனு வேற இருக்கு. அதையெல்லாம் வெளிய போடலாமா?"

போனைக் காதில் வைத்தபடியே அவள் பக்கத்தைத் திறந்தாள். நிதிக் குழு மட்டுமே பார்க்க வேண்டிய இரகசியப் பின்னிணைப்பு அங்கே இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர், ஒவ்வொரு பம்பின் நெட்வொர்க் முகவரி, பாஸ்வேர்டு, உள்ளே நுழையும் வழி. குழுவில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று அவளே எழுதிய விளக்கம், படிப்படியாக, படத்தோடு.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கோப்பின் பெயரைப் பார்த்துக்கூட எவனும் எதையும் ஊகித்துவிடக் கூடாதென்று, எல்லாக் கோப்புக்கும் அர்த்தமில்லாத பன்னிரண்டு எழுத்தில் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அவள் போட்ட சட்டம்தான். சுருக்கத்துக்கும் அப்படியொரு பெயர், இரகசியத்துக்கும் அப்படியொரு பெயர். ஏற்றும்போது ஒன்றின் இடத்தில் மற்றது போய்விட்டது. திருடனுக்குத் தெரியாமல் பூட்டிய பூட்டில் அவளே மாட்டிக்கொண்டாள். மற்ற நேரமாக இருந்தால் கோந்து இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்திருப்பான். இப்போது அவன் தன் கணினியில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

நிதி அலுவலகத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பொறுமையான குரல்.

"கோப்ப மாத்த முடியாது மேடம். விண்ணப்பத்த வாபஸ் வாங்குனா பக்கம் தானா மறைஞ்சிடும். ஆனா அப்புறம் அடுத்த வருஷம்தான் போட முடியும். இருங்க, நானும் ஒரு தடவ பாத்துடறேன்."

"வேண்டாங்க, திறக்காதீங்க."

"திறந்துட்டேனே மேடம்."

போனை வைத்தாள். "அக்கா, வாபஸ் வாங்குனா எல்லாம் போச்சு," என்றான் கோந்து. தடுப்பதற்காகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னான். அவள் வாபஸ் பொத்தானை அழுத்தினாள். ஆறு வாரம் எழுதியது அரை நொடியில் போனது. அது வலிக்கக்கூட இல்லை. மறைவதற்கு முன் பக்கத்தின் அடியில், பார்த்தவர்கள் ஐந்து என்று இருந்ததைப் பார்த்துவிட்டிருந்தாள்.

கணவர், அவள், கோந்து, உதவி எண் பெண். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கணவரைக் கூப்பிட்டு எத்தனை தடவை திறந்தீர்கள் என்று கேட்டாள். ஒரே தடவைதான் என்றார். "நீ ரெண்டு தடவ திறந்தியாக்கா?" என்று கோந்து கேட்டான். திறந்தாளா? அவசரத்தில் திறந்திருக்கலாம். அப்படியே இருந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். அவ்வளவு பயமாக இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரி இன்ஜினியரைக் கூப்பிட்டு, மென்று விழுங்காமல் நேராகச் சொன்னாள்.

"என் தப்புதான் சார். வெளி லைனை உடனே நிறுத்திடுங்க."

"அது கம்பெனிக்காரன் கையில இருக்கு மேடம். ஒவ்வொரு பம்பாதான் நெட்வொர்க் ஒயரைக் கழட்டணும். இப்ப இருபத்தாறு பேருக்கு ஓடுது. தப்ப அப்புறம் பேசலாம், நீங்க எவ்வளவு சீக்கிரம் வர முடியும்?"

செருப்பு மாட்டியது நினைவில்லை. இரண்டு தெருவையும் ஓடியே கடந்தாள். பின்னால் கோந்து மூச்சிரைத்துக்கொண்டு வந்தான். எதிரே நடந்து வந்தவர்களெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அந்த ஐந்தாவது ஆள் இவர்களில் எவனாகவும் இருக்கலாம், ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் எவனாகவும் இருக்கலாம். சும்மா தெரியாமல் தட்டிய ஒரு மாணவனாகவும் இருக்கலாம்.

கீழ்த்தளம் இன்ஜினியருக்கு, நடுத்தளம் கோந்துவுக்கு, மேல்தளம் அவளுக்கு. ஒயரைக் கழட்டினாலும் பம்பு கடைசியாக வைத்த அளவிலேயே ஓடும். அதனால் கழட்டிய பிறகு, கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் டாக்டர் எழுதிய அளவும் திரையில் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். முதல் கட்டில் சரி. இரண்டாவது சரி. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எட்டாவது கட்டிலில் அவள் வயதே இருக்கும் ஒரு பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் ஒயரைப் பிடுங்கணுமா? ஆஸ்பத்திரில கரண்ட் பில் கட்டலியா?"

"சும்மா ஒரு சோதனைங்க," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். ஒயரைக் கழட்டினாள். அட்டையைப் பார்த்தாள். மணிக்கு நான்கு மில்லி. திரையைப் பார்த்தாள். ஆறு.

டாக்டர் மாற்றியிருக்கலாம். அட்டையில் எழுத மறந்திருக்கலாம். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தாள். நிறுத்தினால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? பம்பைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், மருந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

"சிஸ்டர், இந்த அளவ நீங்க மாத்துனீங்களா?"

வார்டின் மறுகோடியில் கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள். "எந்தக் கட்டில்?" என்று கேட்டுக்கொண்டே, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி நடந்து வந்தாள். கட்டிலில் இருந்த பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பொத்தானின் மேல் இருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.