பரண் ஒழித்த நாள்

அந்தக் குடியிருப்பில் அவளுடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. கேக்கக்கா என்றால் போதும். மூன்றாவது மாடி, இடது கைப்பக்கக் கதவு என்று வாட்ச்மேனே சொல்லிவிடுவார். வீட்டுச் சமையலறைதான் அவளுக்குக் கடை. ஒரு ஓவன், கிரீம் அடிக்க ஒரு பீட்டர், சுழல்கிற தட்டு ஒன்று, டப்பா டப்பாவாகச் சர்க்கரைப் பூக்கள்.

அவளிடம் கேக் வாங்க ஒரே ஒரு சட்டம் உண்டு. ஃபோன் பண்ணக் கூடாது, மெசேஜ்தான் போட வேண்டும். முழங்கை வரை கிரீமோடு நிற்கிறவளைக் கூப்பிட்டு, "அக்கா, ரோஸ் கலர் போடலாமா, இல்ல ஊதா போடலாமா" என்று இழுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவளுக்குக் கொஞ்சம் கூடவே வரும், மூக்கு நுனியில் கோபத்தோடு பிறந்தவள். "எதுவா இருந்தாலும் எழுதிப் போடுங்க, கை கழுவிட்டுப் பாக்குறேன்" என்று எல்லாரையும் பழக்கிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கும் அதே சட்டம்தான். மாமியாரே எழுத்துக்கூட்டி மெசேஜ் போடக் கற்றுக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கேக் கைமாறிய நிமிஷமே அந்த ஆளோடு பேசின பேச்சை விரலால் ஒரு தள்ளு தள்ளி, கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கிற ஆர்க்கைவில் போட்டுவிடுவாள். அதற்கு அவள் வீட்டுக்காரர் வைத்த பெயர் பரண். வேலை முடிந்த பிறகு வருகிற மெசேஜ் எல்லாம் இரண்டே வகை என்பது அவள் அனுபவம். ஒன்று, இனிப்புக் கொஞ்சம் கம்மி என்கிற குறை. இல்லாவிட்டால் விடிந்ததும் பூவும் புறாவும் போட்ட காலை வணக்கம். பரணில் போட்டுவிட்டால் சத்தமே வராது. மேலே ஓரமாக ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். படித்தாளா இல்லையா என்று காட்டிக்கொடுக்கிற நீல டிக்கையும் அணைத்து வைத்திருந்தாள். மறுபடி கேக் வேண்டுமென்றால் நேரில் வந்து மணி அடிக்கட்டும், அப்போது இறக்கிக்கொள்ளலாம்.

இப்படியிருக்கையில்தான் தம்பி கேக் கேட்டான்.

அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவாள், ஃபோனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். பாதி நாள் பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். அதிகம் பேச மாட்டான். நல்லதோ கெட்டதோ அக்காவிடம் மட்டும் சொல்வான், அதையும் சுருக்கமாக. அம்மா போனபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதற்கப்புறம் சோறு போட்டதும் அவள்தான், திட்டித் தீர்த்ததும் அவள்தான்.

"அக்கா, அவளுக்குப் பிறந்தநாள் வருது. உன் கையால ஒரு கேக் செஞ்சு தருவியா" என்று எழுதியிருந்தான். தம்பி மனைவிக்கு என்றதும் கேக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், அந்தப் பெண் சிரித்தே நாளாகியிருந்தது. வெள்ளைக் கிரீமின் மேல் நீலப் பூக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனார். "வழியில ஒண்ணுக்குக்கூட இறங்கல, அப்படிக் கொண்டுவந்து சேர்த்திருக்கேன்" என்று பெருமை வேறு. போய்ச் சேர்ந்ததும் "கொடுத்தாச்சு" என்று மெசேஜ் போட்டார்.

கொடுத்தாச்சு என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவள் விரல் தன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. கூடப்பிறந்தவனைப் பரணில் போட்டோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அப்புறம் காத்திருந்தாள். கேக் எப்படி இருந்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அந்த வாரமும் சொல்லவில்லை. குடியிருப்பே மெச்சுகிற கை, கூடப்பிறந்தவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் காணோம். மனசு விட்டுப்போயிற்று.

"நீயே கேளேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் ஏன் கேக்கணும்? அவனுக்கு வாயில்லையா? வரட்டும், தானா வரட்டும்."

மாதங்கள் ஓடின. நடுவில் ஒரே ஒரு நாள் அவனிடமிருந்து ஃபோன் வந்தது. அவள் கை இரண்டும் மாவில் இருந்தன. திரையில் சின்னவன் என்று மின்னியதைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கை கழுவியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் உள்ளே வீராப்பு உட்கார்ந்திருந்ததே. இத்தனை நாள் இல்லாத அக்கா இப்பத்தான் ஞாபகம் வந்தாளாக்கும், சட்டம் தெரியுமில்ல, எழுதட்டும் என்று முழங்கையால் அழுத்திக் கட் பண்ணினாள். மெசேஜ் ஒன்றும் வரவில்லை. கை தவறி அழுத்தியிருப்பான் என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதினாள்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், மகனுக்கு விமானம் மாதிரி கேக் வேண்டும் என்று படம் அனுப்பினார். படம் திறக்கவே மாட்டேன் என்றது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபோனில் இடமில்லை.

"எப்படி இருக்கும்? ஊர்க் குப்பை முழுக்கப் பரண்ல ஏத்தி வெச்சிருக்க. ஒழிச்சுக் கட்டு" என்றார் வீட்டுக்காரர்.

நியாயம்தான் என்று பட்டது. பரணைத் திறந்தாள். மேலே இருப்பது யார், கீழே இருப்பது யார் என்று பார்க்கப் பொறுமை ஏது, ஓவனில் கேக் வெந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தொடலில் தேர்ந்தெடுத்து அழி என்றாள். படங்களையும் சேர்த்து அழிக்கவா என்று ஃபோன் ஒரு தடவை கேட்டது. அதுவாவது கேட்டதே. ஆமாம் என்று கட்டத்தில் டிக் அடித்தாள். அடுத்த நிமிஷம் விமானம் பளிச்சென்று திறந்தது.

"வீட்டையே ஒட்டடை அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் கணவனிடம்.

அதற்கடுத்த வாரம் தம்பியின் மெசேஜ் வந்தது. அழித்த பேச்சு புதிதாகத்தானே தொடங்கும், அதனால் அது பரணுக்குப் போகாமல் எல்லாருக்கும் மேலே வந்து நின்றது. "அக்கா, ஞாயித்துக்கிழம வரட்டுமா? உன்கிட்ட ஒண்ணு வாங்கணும்." பழைய பேச்சு எதுவும் இல்லாமல் அந்த வரி மட்டும் தனியாக இருந்தது. அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

"பாத்தீங்களா, மறுபடி கேக் வேணுமாம். வரட்டும், காதைத் திருகுறேன்" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கிரீம் எதுவும் தடவாத வெறும் கேக் ஒன்றை அவனுக்காகச் சுட்டு வைத்தாள். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அதுதான் உயிர், சூடாகவே பிய்த்துத் தின்பான்.

கதவைத் திறந்ததும், "துரைக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை. தாடி வளர்ந்து, சட்டை தோளில் தொங்கி, ஆள் பாதியாக இருந்தான். சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். முன்னால் வைத்த கேக்கைத் தொடவில்லை.

"அக்கா, சண்டை போட வரல. நீ ஏன் வரலன்னும் கேக்க மாட்டேன். உனக்கு என்ன கஷ்டமோ."

"எங்கடா வரல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாப்பா படம் உன்கிட்ட இருக்கும்ல. அத மட்டும் அனுப்பிவிடு. எனக்கு அது போதும்."

"எந்தப் பாப்பா?"

அவன் நிமிர்ந்தான். வேண்டுமென்றே கேட்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தான். அக்காவின் முகத்தில் பொய் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கு முதலில் வந்தது பயம்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கேக் வந்தபோதே அவன் மனைவிக்கு நாலாம் மாதம். முன்பு போல் ஆகிவிடுமோ என்று இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் எழுதினான். ஏழாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். "ஒரு கிலோகூட இல்லக்கா" என்றான். ஒரு கிலோ எவ்வளவு கனம் என்று அவளுடைய கைகளுக்குத் தெரியும், நாள் முழுக்க அதைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நர்ஸ் கையில என் ஃபோனைக் குடுத்து மூணு நாலு படம் எடுக்க வெச்சேன். உடனே உனக்குத்தான் அனுப்பினேன். எங்களுக்குப் பயமா இருக்கு, வாக்கான்னு எழுதினேன். ஒருநாள் மனசு கேக்காம ஃபோன் பண்ணேன். நீ கட் பண்ண. சரி, கை வேலையா இருக்கும், எழுதச் சொல்ற அப்படின்னு மறுபடி எழுதினேன்."

குழந்தை இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவன் மனைவி அவனுடைய ஃபோனை வாங்கி, படங்களையும் அக்காவுக்கு அவற்றை அனுப்பின பேச்சையும் மொத்தமாக அழித்துவிட்டாள். பார்க்கப் பார்க்க நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது என்றாளாம். "நானும் விட்டுட்டேன். அக்காகிட்ட இருக்கு, எங்க போயிடப் போகுதுன்னு ஒரு தைரியம். இப்ப அவ கேக்குறா. பாப்பா முகம் மறந்துபோச்சு, ஒரே ஒரு தடவை பாக்கணும்னு தினம் அழறா."

ஃபோன் ரிப்பேர், தொலைந்துபோச்சு என்று எதையாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கேக்கக்காவின் மனசு ஓடியது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நான் பாக்கவே இல்லடா" என்றாள். "கேக் குடுத்து முடிச்சவங்களை எல்லாம் ஒதுக்கி வைக்கிற இடத்துல உன்னையும் தள்ளிட்டேன். எழுதுனது எல்லாம் அங்கயே வந்து விழுந்திருக்கு. போன வாரம் இடம் பத்தலன்னு மொத்தமா அழிச்சேன். படத்தோட சேர்த்து அழிச்சேன். யாரு எவருன்னு பாக்காமலே அழிச்சேன்டா."

அவளுடைய வீட்டுக்காரர் வாசல்பக்கம் போய், தெரிந்த ஃபோன் மெக்கானிக் ஒருவரிடம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தார். வேறு எங்காவது சேமித்து வைத்திருந்தால் எடுக்கலாம் என்றாராம். இடத்தை அடைக்கிறது என்று அப்படிச் சேமிப்பதையும் அவள் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சின்னவன் கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். நாலு அறை அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கையை நீட்டினான். "குடு. கேலரில ஏதாவது தங்கியிருக்கும். சில சமயம் தங்கும்."

ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தான். விமானக் கேக் வந்தது. பொம்மைக் கேக், கால்பந்துக் கேக், ஒன்று என்ற எண் நட்டு வைத்த கேக். ஊரில் இருக்கிற பிள்ளைகளின் பெயரெல்லாம் கிரீமில் எழுதியிருந்தது. ஒரு படத்தையும் அவசரமாகத் தள்ளவில்லை, ஒரு கேக்குக்குப் பின்னால் குழந்தை மறைந்திருக்கும் என்பது போல் நின்று நின்று பார்த்தான். அவளால் பக்கத்தில் உட்காரத்தான் முடிந்தது. அவன் சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது அப்படித்தான் உட்காருவாள்.

"யாரு மாதிரிடா இருந்தா?" என்று கேட்டாள்.

"மூக்கு உன் மாதிரி இருந்துச்சு. அதையும் எழுதினேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் தள்ளிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் விரல் நின்றது. வெள்ளைக் கிரீம், மேலே நீலப் பூக்கள். அவன் மனைவியின் பிறந்தநாளுக்கு அவள் செய்த கேக். குழந்தை பிறப்பதற்கு முந்தைய படம் அது. இதற்குக் கீழே எவ்வளவு தேடினாலும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றான் அவன். "அவ அன்னிக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டா. உன் கேக்கு மாதிரி நான் சாப்பிட்டதே இல்லன்னு சொல்லச் சொன்னா. அதத்தான் முதல்ல எழுதினேன். அதுக்கப்புறம்தான் பாப்பா வரப்போற விஷயத்த எழுதினேன்."

அப்போது அவனுடைய ஃபோன் அடித்தது. அவன் மனைவிதான். காதில் வைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாள் என்று அக்காவின் காதில் விழவில்லை, விழத் தேவையுமில்லை.

"ம். அக்கா வீட்லதான் இருக்கேன்" என்றான். "தேடிட்டிருக்கோம். நிறைய படம் இருக்கு, கொஞ்சம் நேரமாகும்."

வைத்துவிட்டுத் திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்காவின் ஃபோனை எடுத்து, நீலப் பூக் கேக்கைத் தள்ளிவிட்டு, அதற்கும் முந்தைய வருஷத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, அவளும் பார்த்தாள்.