நாலு பேர் கயிறு

விடிந்தும் விடியாததுமாக நாடக அரங்கின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனோம். என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளியும் ஏணி ஏறி, கூரைக்கடியில் இருக்கும் மரத்தட்டில் நின்று கப்பிகளுக்குக் கிரீஸ் தடவினார்கள். நான் கீழே மணல் மூட்டையின் வாயை அவிழ்த்தேன். வானத்திலிருந்து தேவதை இறங்கும் காட்சிக்காகத் தினமும் காலையில் கயிற்றைச் சோதிப்பது வழக்கம். தேவதையாக நடிப்பவளின் எடைக்கு ஒரு மூட்டை கட்டி, மேலே இழுத்து, இறக்கி, மறுபடி இழுத்து, கப்பி எங்கே முனகுகிறது என்று பார்ப்பார்கள். பத்துத் தடவை இழுப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏழு வருஷமாக அந்த மூட்டை என் எடையில் இருந்தது. அன்றைக்கு அதிலிருந்து நாலு கிலோ மணலை என் கையாலேயே அள்ளி வாளியில் போட்டேன்.

"இன்னும் ரெண்டு பிடி எடு. அந்தப் பொண்ணு ஒல்லி," என்றார் அவர் மேலேயிருந்து.

"நீங்க தூக்கிப் பாத்தீங்களோ?"

"முதலாளி சொன்னாரு."

"சொல்லுவாரு, சொல்லுவாரு."

கூட்டாளி சிரித்துவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏழு வருஷம் என்னைத் தூக்கிய கை, இனி இன்னொருத்தியைத் தூக்கப் போகிறது. அதுவும் சுலபமாக.

மூன்று மாதமாக வசூல் படுத்துவிட்டிருந்தது. முதலாளி டிக்கெட் விலையை ஏற்றினார், கூட்டம் குறைந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. "முகம் பழசாயிடுச்சும்மா. சனத்துக்குப் புதுசு வேணும்," என்று என்னிடமே சொன்னார். டிவி தொடர் ஒன்றில் தினமும் அழுதுகொண்டிருந்த ஒருத்தியைப் பிடித்து வந்தார். வாசலில் என் படத்தின் மேலேயே அவள் படத்தை ஒட்டினார்கள். என் காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. எனக்குத் தோழி வேஷம், தட்டை நீட்டிக்கொண்டு ஒரே ஒரு வசனம்.

அதே வாரம் கயிறு இழுக்கும் நாலு பேரில் இரண்டு பேரை நிறுத்தினார். முன்பெல்லாம் இரண்டு பேர் இழுப்பார்கள், இழுக்கிற கை நழுவினாலும் ஆளைத் தாங்குகிற காப்புக் கயிற்றை இரண்டு பேர் விடாமல் பிடித்து நிற்பார்கள். புதியவளுக்குச் சம்பளம் பெரிது, எங்கேயாவது குறைக்க வேண்டுமே. வீட்டில் அவர் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் நான் காதில் வாங்கவே இல்லை. உலகத்தில் நடந்த ஒரே அநியாயம் என் வேஷம் போனது என்று இருந்தேன். பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்குக் காதையும் சேர்த்து அடைத்துவிட்டது.

அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. "அக்கா, இடுப்பு வார் இவ்வளவு இறுக்கமா இருக்கணுமாக்கா? கால் இப்படியாக்கா?" என்று வார்த்தைக்கு வார்த்தை அக்கா. எனக்கு என்ன அறுபது வயசா? சோம்பேறியாக இருந்தால் மன்னித்திருப்பேன். அவளோ நான் ஆறு மாதத்தில் படித்ததை ஆறு நாளில் பிடித்துக்கொண்டாள். தொடையில் வார் அறுத்த காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

மேலே, தீட்டிய மேகத்துக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. தேவதை அதில் கொஞ்ச நேரம் நின்று பாட்டு முடியக் காத்திருப்பாள். அப்போது கயிறு தளர்ந்திருக்கும். இழுப்பவர்களுக்கு அவள் தெரியாது, அவளுக்கும் அவர்கள் தெரியாது. அதனால் காலை எடுத்து வைக்கும் முன் கயிற்றை இரண்டு உதறு உதற வேண்டும். 'வருகிறேன், பிடியுங்கள்' என்று அர்த்தம். எந்தக் காகிதத்திலும் இது எழுதியிருக்காது. ஒத்திகையில் நான் கீழே நின்று "இறக்குங்க" என்று குரல் கொடுத்ததால், அவள் உதறாதது யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாம் சொல்லிக் குடுத்துட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்லிட்டேன்," என்றேன்.

அவள் விழவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு குலுக்கு குலுங்கட்டும், கால் உதைத்துக்கொள்ளட்டும், சனம் சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். காப்புக் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

முதல் ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்திருந்தது. கவுன்ட்டர் அக்கா பல மாதத்துக்குப் பிறகு 'இடமில்லை' பலகையைத் தூசி தட்டி மாட்டினாள். நான் தட்டோடு ஓரத்தில் நின்றேன். பாட்டு முடிந்தது. அவள் காலை எடுத்து வைத்தாள்.

கயிறு விர்ரென்று ஓடியது. அவள் கல்லாக வந்தாள். அவள் இடுப்பு தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிறு நின்றது. முழங்கால் தேய்ந்து அவள் மேடையில் உட்கார்ந்தாள். புதுவிதமாகப் பறக்கிறாள் என்று சனம் கைதட்டியது.

நான் தட்டைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். அவள் காலை எடுத்து வைத்த நேரம் கூட்டாளி வியர்வை துடைக்கக் கையை எடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாய்க் கயிற்றைப் பிடித்திருந்தார். விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அப்போதும் அவர் விரலைப் பிரிக்கவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவரைச் சுட்டுவிட்டது.

மறுநாள் காலை முதலாளி எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார். மூன்று மணி ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்தது.

"கவனம் கெட்டவனை வச்சிக்கிட்டு நான் தொழில் பண்ண முடியாது. நீ வீட்டுக்குப் போகலாம். வேற ஆள் வருது," என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து.

கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவர் மேல தப்பில்லைங்க. கயிறை உதறணும்னு நான் இந்தப் பொண்ணுகிட்ட சொல்லல. வேணும்னேதான் சொல்லல. என் வேஷத்தைப் பறிச்சிட்டாங்கிற எரிச்சல்."

முதலாளி முகம் மலர்ந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா? பொம்பளைச் சண்டை. இனிமே ஆள் பத்தலைன்னு எவனும் என்கிட்ட வரக்கூடாது."

உண்மையைச் சொல்லியும் நான் முதலாளிக்கே சாதகமாகக் கோல் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "வீட்டுல பேசிக்கலாம்," என்றார் மெல்ல. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவள் எழுந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி.

"அக்கா மேல எனக்குக் கோவம் இருக்கு சார், அதை நான் தனியா பாத்துக்கறேன். ஆனா பாட்டுச் சத்தத்துல பயந்துபோய் நானே உதற மறந்திருந்தா? அப்பவும் விழுந்திருப்பேன்ல? காப்புக் கயிறுல ரெண்டு பேர் நின்னிருந்தா விழுந்திருக்க மாட்டேன்ல?"

"உனக்குக் குடுக்கற சம்பளத்துக்குத்தாம்மா அவங்களை நிறுத்தினேன்."

"மூணு வாரம் வசூல் வரலேன்னா என்னையும் மாத்திடலாம்னு எழுதி வாங்கியிருக்கீங்களே, அதையும் சொல்லுங்க."

அது எங்கள் யாருக்கும் தெரியாது. அடுத்த படத்தின் ஓரத்தில் தெரியப்போவது இவள் காது என்று நினைத்தேன்.

"நிறுத்தின ரெண்டு பேரும் வரணும். இந்த அண்ணன் கை ஆறுற வரைக்கும் நீங்க பாத்துக்கணும். அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்," என்று சொல்லி அவள் மேடையிலேயே உட்கார்ந்தாள். கூட்டாளி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேக்கப் போடுகிறவர், விளக்குக்காரர், மத்தளக்காரர் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் தேனாக ஒழுகியது.

"நீ ஏறும்மா. இன்னிக்கே உன் வேஷம் உனக்கு. வாசல்ல உன் படம், முன்ன விடப் பெருசா. ஏழு வருஷமா ஏறின கயிறு, உனக்கென்ன பயம்?"

பொய் சொல்லமாட்டேன். ஆசை வந்தது. அந்த உயரம், கீழே ஆயிரம் முகம், பாட்டு முடிகிற அந்த நொடி, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏறிவிடுவேன் என்று அவள் பயந்தது கண்ணில் தெரிந்தது. அவளுக்காக இல்லாவிட்டாலும் அந்த மடியில் கிடந்த கைகளுக்காக நான் வாயைத் திறந்தேன்.

"நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க சார். அப்புறம் யார் ஏறறதுன்னு நாங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"மூணு மணிக்கு மணி அடிப்பேன். மேடையில ஆட்டம் இல்லைன்னா நாளைக்கு ஒருத்தருக்கும் இங்க வேலை இல்லை," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் சொன்னால் செய்கிறவர்தான். சிறிது நேரத்தில் வாசல் பக்கம் கவுன்ட்டர் கதவு இழுத்து மூடும் சத்தம் கேட்டது. கவுன்ட்டர் அக்கா சாவிக்கொத்தோடு வந்து, "எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க," என்றாள்.

நான் நகர்ந்தேன். நகர்ந்ததில் புதியவளின் தோள் என் தோளில் இடித்தது. பக்கத்தில் பார்க்கும்போது அவள் இன்னும் அழகாகத்தான் இருந்தாள், பாழாய்ப்போனவள். வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.