குழாயக்காவும் நீர் மாளிகையும்

எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் "கூப்பிடு குழாயக்காவை" என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு வீடியோ கேமில் தண்ணீர் ஏறாமல் மூன்று வாரமாகத் திண்டாடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

கேம் நாத்தனாருடையது. பழைய மெஷின். பட்டனை இரண்டு முறை தட்டினால்தான் உயிர் வரும். வாளும் கேடயமுமாக ஒரு குட்டி வீரன் காடு மலை தாண்டி மந்திர விளக்கைத் தேடிப் போகிறான். அது கையில் இருந்தால்தான் சூனியக்காரனின் கோட்டைக்குள் நுழையலாம். வழியில் வந்த பூதங்களையெல்லாம் குழாயக்கா ஒரு கை பார்த்துவிட்டாள். நீர் மாளிகையில்தான் மாட்டிக்கொண்டாள். அங்கே மூன்று அறை, அறைக்கொரு வால்வு. தண்ணீர் கூரைவரை ஏறினால் வீரன் மிதந்துபோய் மேல்கதவைப் பிடிக்கலாம். இவளுக்கோ இடுப்பளவுக்கு மேல் ஏறவே இல்லை.

இன்றோடு கெடு முடிகிறது. நாத்தனாருக்கு வெளியூரில் வேலை. நான்கு மணிக்கு வண்டி வந்தால் பெட்டியோடு மெஷினும் போய்விடும். விளக்கை எடுக்காமல் விட்டால், 'எங்க அண்ணி பிளம்பர், ஆனா தண்ணியில தோத்தாங்க' என்று ஒரு கல்யாண வீடு பாக்கியில்லாமல் சொல்லிச் சிரிப்பாள் அந்த வாயாடி.

"மணி மூணே முக்கால், அண்ணி."

"தெரியும். வாயை மூடு."

"நான் வாயை மூடுறேன். நீங்க வால்வை மூடாம இருங்க."

குழாயக்காவின் விரல் பட்டனில் அப்படியே நின்றது. ஒவ்வொரு அறையிலும் வால்வைத் திறப்பாள், தண்ணீர் வருவதைப் பார்ப்பாள், அடுத்த அறைக்குக் கிளம்பும்போது ஒழுங்காக மூடிவிட்டுப் போவாள். பதினைந்து வருடப் பழக்கம். திறந்து போட்டுவிட்டு வந்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே! நீர் மாளிகைக்குக் கீழ்வீடு ஏது?

இந்த முறை மூன்றையும் திறந்தபடியே விட்டாள். மனசு கேட்கவில்லை, கை பரபரத்தது. தண்ணீர் மளமளவென்று ஏறியது. வீரன் மிதந்தான், கதவு திறந்தது, விளக்கு கிடைத்தது. குழாயக்கா போட்ட கூச்சலில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த புருஷன் எழுந்து ஓடிவந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" குழாயக்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"பத்து வயசுலயே தெரியும்."

"கல்நெஞ்சக்காரி! ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிட்டு எழுந்து போயிருப்பீங்க. நீங்க இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது இந்த மூணு வாரம்தான்."

குழாயக்காவுக்குத் தொண்டை அடைத்தது. எத்தனையோ அடைப்பு எடுத்தவள், இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் நாத்தனாரின் பெட்டியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வழியனுப்பிவிட்டு வந்து சோபாவைத் தட்டினால், மெத்தைக்கு அடியில் கேம் ஆடுகிற கன்ட்ரோலர். இருந்ததே அது ஒன்றுதான். அது இல்லாமல் மெஷின் வெறும் டப்பா. போனைப் போட்டாள்.

"அடியே, கன்ட்ரோலரை மறந்துட்டுப் போயிட்ட!"

"யார் சொன்னா மறந்தேன்னு? அடுத்த மாசம் நீங்களே எடுத்துட்டு வாங்க. கோட்டை இன்னும் பாக்கி இருக்குல்ல?"

போனை வைத்துவிட்டு, அடுத்த மாதம் எந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்று குழாயக்கா காலண்டரைப் புரட்டினாள்.