உடையாத கீல்

உடைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். டேப்லெட்டைச் செருகி, விரித்தால் கீபோர்டோடு நிற்கவும், மடக்கினால் புத்தகம் மாதிரி மூடிக்கொள்ளவும் தோதாக உறைகள் செய்கிற கம்பெனி அது. கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த உறைகளைப் போட்டு மிதித்து, முறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் மூலைபட விழவைத்து, எங்கே பிளக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இவள். கம்பெனி முழுக்க இவளுக்கு உடைப்பு மேடம் என்று பெயர். அந்தப் பெயர் இவளுக்குப் பிடித்தும் இருந்தது.

சோதனை அறையில் ஒரு இயந்திரக் கை உண்டு. உறையைத் திறக்கும், மூடும், திறக்கும், மூடும். காலையில் முடுக்கிவிட்டால் சாயங்காலம் வரை அலுக்காது, சலிக்காது, அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமியார் கையில் தப்பிக்கிற உறைகூட இவள் கையில் தப்பாது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உறையைக் காதருகே கொண்டுவந்து ஒரு முறை திறந்து மூடிப் பார்ப்பாள். டக் என்று சுத்தமாகக் கேட்டால் கீல் பிழைத்தது. கறக் என்று இழுத்தால் முடிந்தது கதை. இந்தத் திறந்து மூடும் பழக்கம் அந்த அறைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தொற்றியிருந்தது. மாப்பிள்ளைக்கும்தான்.

மாப்பிள்ளை என்பது தங்கையின் புருஷன். இதே கம்பெனியில் உறைகளை வடிவமைப்பவன். பூனை நடை, மெல்லிய பேச்சு, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவனைப் பார்த்து, விசாரித்து, தங்கைக்கு இவன்தான் என்று முடிவுகட்டி, தலையால் தண்ணீர் குடித்து அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவளே இவள்தான். அதில் இவளுக்குக் கொள்ளைப் பெருமை.

புது உறையின் கீலைத்தான் அவனால் நிற்கவைக்க முடியவில்லை. மெலிசாக இருக்க வேண்டும், விரலில் தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கனவு கண்டு, கீலை மூன்று கணு வைத்து வெறும் பிளாஸ்டிக்கில் செய்திருந்தான். மூலையில் விழுந்தால் மூன்று கணுவும் பொரி மாதிரி வெடித்தன. இவள் ஒவ்வொரு முறையும் பிளந்த உறையை மேஜையில் வைப்பாள்.

"போச்சு மாப்பிள்ளை. இந்தத் தடவையும் நிக்கல."

"பரவாயில்ல அண்ணி. உடைக்கிறதுதானே உங்க வேலை," என்று சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். வீட்டில் வைத்து ஆராய்வதாகச் சொல்வான். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று இவளும் மெச்சிக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், வெயில் கொளுத்துகிற நாளில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை. கையில் தண்ணீர் தெறித்ததும் அனிச்சையாகச் சட்டையை மேலே தள்ளினாள், உடனே பதறி இறக்கினாள். அதற்குள் இவள் பார்த்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே நீலம் பாய்ந்த ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் மேல் இடைவெளி விட்டு மூன்று தடிப்புகள். வேறு யாராவது பார்த்திருந்தால் கதவு இடுக்கில் கை மாட்டியது என்று நம்பியிருப்பார்கள். இவள் அந்த மூன்று கணுக்களையும் தினமும் தடவிப் பார்க்கிறவள்.

"அந்த உறையாலயா அடிச்சான்?"

சின்னவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"எப்பவும் இல்லக்கா. நீ உடைச்ச அன்னிக்கு மட்டும்தான்."

"என்னடி சொல்றே?"

"அங்க உன் முன்னாடி சிரிச்சிட்டு வந்துடுறாரு இல்ல? இங்க வந்து அதையே எடுக்கிறாரு. உங்க அக்கா உடைச்சது போதாதுன்னு சொல்லிட்டு அடிக்கிறாரு. அடிச்சிட்டு திறந்து மூடிப் பாப்பாரு, இன்னும் எங்கெல்லாம் விட்டுருக்குன்னு."

எத்தனை கீல்கள், எத்தனை சாயங்காலங்கள். தான் உடைத்து அனுப்பியதெல்லாம் தங்கை மேல் போய் இறங்கியிருக்கிறது.

"கிளம்பு. இப்பவே கிளம்பு. துணிமணிகூட வேணாம்."

"வரமாட்டேன்."

"அடி வாங்கியே சாகப்போறியா?"

"அது ஒண்ணு மட்டும் நின்னுட்டா எல்லாம் சரியாயிடும்க்கா. உடையாத நாள்ல எவ்வளவு நல்லா இருக்காரு தெரியுமா? நீ பாஸ் போட்டுடேன். உனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது?"

இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். முடியைப் பிடித்தாவது இழுத்து வந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர்களுக்கு அவரவர் தொழில் எந்த வழியைக் காட்டுகிறதோ அந்த வழியில்தான் புத்தி போகிறது. ஒன்று உடைகிறதா, அதைப் பலப்படுத்து, தொல்லை தீரும். இத்தனை வருஷமாக இவள் கற்றது அது ஒன்றுதான். பொய்யாகப் பாஸ் போட்டால் கடையிலிருந்து உடைந்த உறைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும், அவன் வெறி இன்னும் ஏறும். ஆகவே நிஜமாகவே உடையாத கீல் வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டுவிட்டாள். பிளாஸ்டிக் கணுக்களை எடுத்துவிட்டு, முதுகெலும்பு மாதிரி நீளத்துக்கும் ஒரே எஃகுக் கம்பி. முதுகுப் பலகைக்கு உள்ளே மூலைக்கு மூலை எஃகுத் தகடு.

கம்பெனி மேலாளருக்குச் சீக்கிரம் சார் என்று பெயர். வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவர் முகம் சுளித்தார்.

"கனம் ஏறிடும் மேடம். செங்கல் மாதிரி ஆயிடும். யார் வாங்குவாங்க?"

"உடைஞ்சா மட்டும் வாங்குவாங்களா? கனமா இருந்தா கையில பிடிக்க நல்லாதான் சார் இருக்கும்."

பிற்பாடு இந்த வாக்கியத்தை நினைத்து நினைத்து அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அன்றைக்கோ மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு ஜெயித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். பென்சிலை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

புது உறை சோதனைக்கு வந்தது. இவள் கதவைச் சாத்திக்கொண்டாள். துளிகூடச் சலுகை காட்டவில்லை, சலுகை காட்டினால் தங்கைக்குத்தான் வினை. மூலையில் போட்டாள், முதுகில் போட்டாள், விரித்த நிலையில் போட்டாள். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி மாதிரி முறுக்கினாள். கடைசியில் சோதனையில் இல்லாத வேலையையும் செய்தாள். கீபோர்டுப் பக்கத்தைப் பிடித்து, இரும்பு மேஜையின் விளிம்பில், தோள் வலிக்க, அவன் முகத்தை நினைத்து, ஓங்கி ஓங்கி அடித்தாள். மேஜையில் சாயம் உரிந்தது. உள்ளங்கை எரிந்தது. காதருகே கொண்டுவந்து திறந்து மூடினாள்.

டக்.

அறைக்குள் தனியாக நின்று, அந்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். இனி சின்னவள் அரைக்கைச் சட்டை போடலாம் என்று நினைத்தாள்.

அன்று மதியம் எல்லோரையும் கூப்பிட்டு கேக் வெட்டினார்கள். சீக்கிரம் சார் வாயெல்லாம் பல்லாக நின்றார். "இது நம்ம உடைப்பு மேடம் போட்ட கம்பி! மாப்பிள்ளைக்கு அண்ணி வாத்தியார் ஆயிட்டாங்க!" என்று ஒரு ஹாஸ்யம் விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். முதல் உறையை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லி அவனிடமே கொடுத்தார்கள். அவன் அதைக் கையில் வாங்கி ஒரு முறை கனம் பார்த்தான்.

மறுநாள் காலை, தங்கையின் கீழ்வீட்டுக்காரம்மா போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள்.

சின்னவளின் முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. புருவம் கிழிந்து தையல் போட்டிருந்தது, ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கிக் கிடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். இவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தொடுவதற்கு இடம் தேடி, கடைசியில் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ் ஆயிடுச்சேடி. அப்புறம் எதுக்கு?"

"சந்தோஷமாத்தான்க்கா வந்தாரு. பாஸ் ஆயிடுச்சுன்னு காட்டினாரு." சின்னவளுக்கு உதடும் கிழிந்திருந்தது, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம். அதெல்லாம் எங்க அக்கா கைராசின்னு சொல்லிட்டேன்."

இவள் போர்வையைப் பாதத்தின் மேல் இழுத்துவிட்டாள்.

"முன்னாடியெல்லாம் முதல் அடியிலேயே மிச்சக் கீலும் பிளந்துடும்க்கா. ரெண்டா தொங்கும். த்தூன்னு கீழ போட்டுட்டுப் போயிடுவாரு. அதோட முடிஞ்சிடும். நேத்து அது உடையவே இல்லக்கா. ஒவ்வொரு அடிக்கும் திறந்து மூடிப் பாத்தாரு. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு."

நாள் முழுக்க உடைக்கிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! அந்த ஒன்றுக்கும் உதவாத பிளாஸ்டிக் கணுக்கள்தான் இத்தனை நாள் தங்கைக்காகத் தெறித்து விழுந்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு எஃகைச் செருகிக் கொடுத்தவள் இவள். அதற்காகச் சண்டையும் போட்டாள்.

"அது எங்க?"

"பையில. ஆட்டோவுல ஏத்துறப்போ கீழ்வீட்டம்மா என் சாமான்னு நினைச்சு எடுத்துப் போட்டுட்டாங்க."

எடுத்தாள். மூலையில் ரத்தம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. கீல் இடுக்கில் நீளமாய் நாலைந்து முடி. கீறல் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

"அவன் எங்கடி இப்ப?"

"ஆபீசுக்குத்தான். இன்னிக்கு வெளியூர்ல இருந்து கடைக்காரங்க வராங்களாம். விட்டுடுக்கா. அக்கா... அக்கா!"

கம்பெனியின் கூட்ட அறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சலவைச் சட்டையில் மாப்பிள்ளை முன்னால் நின்று, கையில் இன்னொரு உறையை வைத்துக்கொண்டு, அதே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். "எவ்வளவு வேகமா அடி விழுந்தாலும் இந்தக் கீல் தாங்கும்."

"சரியான நேரத்துக்கு வந்தீங்க மேடம்!" சீக்கிரம் சார் முகம் மலர்ந்தார். "வாங்க, சீக்கிரம், நீங்களே போட்டுக் காட்டுங்க."

அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். மாப்பிள்ளை அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு போகவில்லை, அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வெளிய போய்ப் பேசலாம்."

"பேச என்ன மாப்பிள்ளை இருக்கு? சோதிச்சுப் பாத்துடலாம்."

ஓங்கினாள். அவன் தலையைக் காத்துக்கொள்ள இடது முன்கையை உயர்த்தினான், தங்கையும் இப்படித்தான் உயர்த்தியிருப்பாள் என்ற நினைப்போடு அவள் அடித்தாள். பச்சைக் குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அவன் அலறி நாற்காலிகள் மேல் சரிந்தான். கடைக்காரர்கள் சிதறி ஓடினார்கள், தண்ணீர்க் குவளைகள் உருண்டன. இரண்டாவது அடி காறை எலும்பில் இறங்கியது. அவன் தரையில் உருண்டு மேஜைக்கு அடியில் நுழையப் பார்த்தான். சலவைச் சட்டையில் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் வழிந்தன. காலைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவதற்கு அவன் தலை நன்றாகத் தெரிந்தது.

அப்போது அவள் கை, அவளைக் கேட்காமல், உறையைக் காதருகே கொண்டுபோயிற்று. திறந்தது. மூடியது.

டக்.

அந்தச் சின்னச் சத்தத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் சின்னவள் தரையில் கிடந்து, ஒரு கண்ணால் மேலே பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கேட்டது இதைத்தான். இப்போது தரையில் கிடந்து ஒருத்தன் கேட்டுக்கொண்டிருந்தான். பிடித்திருந்தவளுக்கு உள்ளங்கையிலிருந்து தோள் வரை அருவருப்பாக ஏறியது.

உறையை மேஜை மேல் வைத்தாள். யாரும் கிட்டே வரவில்லை. சீக்கிரம் சார் மட்டும் மெல்ல நெருங்கி, கடைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்றோ என்னவோ, கைக்குட்டையால் அதன் மூலையைத் துடைக்கப் போனார்.

"தொடாதீங்க சார்!"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அந்த இடுக்குல இருக்கிற முடி என் தங்கச்சியோடது. பாத்ரூம்ல விழுந்தா அங்க எப்படி வரும்? போலீசக் கூப்பிடுங்க. அவன் பண்ணினதையும் எழுதட்டும், நான் பண்ணினதையும் எழுதட்டும்."

"அண்ணிக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு," என்று மேஜைக்கு அடியிலிருந்து அவன் முனகினான். குரல் அப்போதும் மெலிசாகத்தான் இருந்தது.

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். யாரோ போனில் முகவரி சொல்வது கேட்டது. அவளுடைய வலது கை மடியில் கிடந்து தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வரும்வரை விடாமல் பிடித்திருந்தாள்.